ஒப்பிட்டுப் பாக்க ஒருத்தன்

இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுங்க தம்பி, கையத் தூக்கித் தலைக்கு அடியில வச்சுக்கங்கன்னு ரெஜினாக்கா சொன்னாங்க, படுத்துட்டேன். படுக்குறதெல்லாம் நமக்குக் கைவந்த கலை, மூணாம் வருசத்துல இஞ்சினியரிங்க விட்டுட்டு வந்ததுலருந்து நீ ஒழுங்காச் செய்யிற ஒரே வேல அதுதாண்டான்னு அம்மாவே சொல்லிருக்கு. ஆனா இந்தக் கட்டிலு வேற மாதிரி. நெஞ்சு வர்ற எடத்துல மட்டும் மெத்தைய அரைவட்டமா வெட்டி எடுத்திருக்காய்ங்க, அந்த ஓட்ட வழியாத்தான் ரெஜினாக்கா கைய விட்டு, இருதயத்தப் படம் எடுக்குற கருவிய விலாவுல அமுக்குறாங்க. ச்சில்லுனு இருக்கும் தம்பின்னுட்டு ஜெல்லப் பிதுக்குனாங்க. ஆமாக்கா, ஐஸ்பெட்டிக்குள்ள படுத்தாப்ல இருக்கு, மாலை மட்டுந்தான் கொறச்சல்ன்னேன். சிரிக்கல. போன தடவ இதே ரூம்புல இதே கட்டில்ல இதவிடக் கேவலமான ஜோக்குக்கு இந்தக்கா விழுந்து விழுந்து சிரிச்சுப்புட்டு, தம்பி சிரிக்க வைக்காதீங்க, எங்கையி ஆடுனா உங்க படமும் ஆடும்னு திட்டுனாங்க. இன்னிக்கு என்ன ஆச்சு, வீட்டுல சண்டையோ என்னமோ, புள்ளைக்குக் காய்ச்சலோ, ஆளாளுக்கு ஆயிரம் இருக்கும், ஒரு ஜோக்கு ஓடலன்னா உடனே நாம சாகப்போறோம்னு அர்த்தமாடா தவசிப்பாண்டி. லைட்ட அணைச்சாச்சு. ஸ்க்ரீனோட முதுகு மட்டுந்தான் எனக்குத் தெரியுது, ஒயருங்க, ஒரு ஃபேன் ஓட்ட, அதுல ஒட்டடை. படத்த நான் பாக்க முடியாது, படம் பாக்குற மூஞ்சியத்தான் பாக்க முடியும். அந்த மூஞ்சி நீலமா இருக்கு. இமைக்கவே மாட்டேங்குது. டிக்குன்னு ஒரு பட்டன அமுக்குறாங்க, கொஞ்ச நேரம் பாக்குறாங்க, மறுபடி டிக்கு. போன தடவ இம்புட்டு டிக்கு இல்ல. இல்லையா, இல்ல நான் பேசிக்கிட்டே இருந்ததுல கேக்கலையா.

படம் ஒண்ணு ரெண்டு தெளிவா விழல, திரும்ப எடுக்கணும், சிரமம் பாக்காம ஒரு நட வாங்கன்னுதான் போன்ல சொன்னாங்க. அதுல என்ன இருக்கு, பாஸ்போர்ட் சைஸ் போட்டோவுக்கே நம்ம மூஞ்சி ரெண்டு தடவ எடுத்தாத்தான் விழும். ஆனா தெளிவா விழாத படத்தத் திரும்ப எடுக்குறதுக்கு அனுசுயா டாக்டர் எதுக்கு உள்ள வர்றாங்க. வந்துட்டாங்க. கதவ மெதுவாச் சாத்திட்டு, வாங்க பாண்டின்னு எங்கிட்ட ஒரு வார்த்த, அப்பறம் ரெஜினாக்கா தோளுக்குப் பின்னாடி கையக் கட்டிக்கிட்டு நின்னுட்டாங்க. இப்ப ரெண்டு நீல மூஞ்சி. இந்த டாக்டர்தான் இந்த ஆராய்ச்சியவே நடத்துறவங்க. குடும்பம் குடும்பமா வர்ற இருதய நோவப் பத்தி. எங்கக்கா ரேணுகாவுக்கு இருதயத்து நடுச்சுவரு தடிச்சுப்போற வியாதி, நீளமா ஒரு இங்கிலீஷ் பேரு, அதத் தெனம் சொன்னா வாய்க்கு எக்சசைஸ். ரத்த வழியா வர்றது, ஒரே வீட்டுல ஒருத்தருக்கு வருது ஒருத்தருக்கு வரமாட்டேங்குது, ஏன்னு கண்டுபுடிக்கணும், அதுக்கு வந்தவங்களும் வேணும், வராத கூடப்பொறந்தவங்களும் வேணும், ஒப்பிட்டுப் பாக்கன்னாங்க. அக்கா மாத்திரை வாங்க வர்றப்ப நான் சும்மா கூட வந்து நின்னவன். தம்பி, நீங்க வர்றீங்களா, நல்லா இருக்குறவங்க பக்கத்துக்கு ஆளு கொறையுதுன்னாங்க. எனக்கு வாழ்க்கையிலயே மொத தடவ ஒரு எடத்துல நல்லா இருக்குறவங்க பக்கம் சீட்டு கெடைக்குது, விடுவனா. ஜவுளிக்கட வாசல்ல சேல கட்டி நிக்கிற பொம்ம மாதிரி நின்னா போதும்ல மேடம்ன்னேன். ரத்தம் குடுத்தேன், ஈ.சி.ஜி. எடுத்தாய்ங்க, அது நல்லாத்தான் இருக்குன்னாய்ங்க, இந்தப் படமும் எடுத்தாய்ங்க. அப்பத்தான் அனுசுயா டாக்டர் அந்தக் கேள்வியக் கேட்டாங்க. உங்க படத்துல நாங்க எதிர்பாக்காத ஏதாவது தெரிய வந்தா உங்ககிட்டச் சொல்லணுமா வேணாமா, ரெண்டுமே உங்க உரிமை, யோசிச்சுச் சொல்லுங்கன்னு. யோசிச்சு. நான் எப்ப யோசிச்சேன். பக்கத்துல ரேணு நிக்கிறா, சிரிக்க வச்சே ஆகணும்னு நாக்கு துடிக்குது. வேணாம் மேடம், எங்க வீட்டுக்கு ஒரு மாமியா போதும்ன்னேன். ரேணு பக்குனு சிரிச்சுட்டா. டாக்டரு சிரிக்கல, வேண்டாம்னே வச்சுக்கட்டுமான்னாங்க, வச்சுக்கங்கன்னேன், எப்ப வேணாலும் மாத்திக்கலாம்னாங்க, சரிங்கன்னேன். முடிஞ்சுபோச்சு. ஒரு ஜோக்குக்கு இம்புட்டு வாரண்டி குடுப்பாய்ங்கன்னு எனக்கு எப்பிடித் தெரியும். இப்ப இந்த ரெண்டு பேரும் கண்ணால பாத்துக்கிட்டு நிக்கிறத, நானா வாயத் தொறந்து கேக்காம எனக்குச் சொல்ல மாட்டாங்க.

மாமியான்னது அக்கா நெஞ்சுல இருக்குற பெட்டிய. காறை எலும்புக்குக் கீழ, தோலுக்கு உள்ள, பிஸ்கட்டு மாதிரி மேடாத் தெரியும். இருதயம் தாளந்தப்பி ஓட ஆரம்பிச்சா உள்ளுக்குள்ளயே ஒரு கரண்ட விட்டுத் திருப்பிக் கொண்டாரும். பேரு வச்சது அவதான், கண்ணுல வெளக்கெண்ணெய ஊத்திக்கிட்டு இருவத்திநாலு மணி நேரமும் பாத்துக்கிட்டே இருக்கும்டா, நான் ஒரு தப்பு பண்ணுனா போதும், ஒரே அறை, மாமியா இல்லாம வேற என்ன. மொத்தமே ஒரு தடவதான் அறைஞ்சிருக்கு. அடுப்படியில நின்னு தேங்கா துருவிக்கிட்டு இருந்தா. நான் உள்ள வாசல்ல நின்னு போன் பாத்துக்கிட்டு இருக்கேன். டமார்னு. துருவலு ஒரு பக்கம், அவ ஒரு பக்கம். குதிரக்குட்டி ஒதைக்கல, குதிரயே ஒதச்சுருச்சுடான்னு தரையில உக்காந்துக்கிட்டு சிரிக்கிறா, சிரிச்சுக்கிட்டே அழுவுறா. அதுலருந்து அடுப்படியில அந்த எடத்துல நிக்க மாட்டா. மேடையோட வலது மூலை. அங்கதான் வெளிச்சம் நல்லா வரும், அங்கதான் ஜன்னலு, ஆனா ஒரு அடி தள்ளி, இருட்டுல நின்னுதான் காய் நறுக்குவா. கரண்டு பெட்டியிலருந்து வந்துச்சுன்னு டாக்டரு சொல்லியாச்சு, அவளுக்கும் தெரியும், நர்சரி ஸ்கூல்ல டீச்சரு, புள்ளைகளுக்குச் சயின்ஸ் நடத்துறவ, இருந்தாலும் அவ ஒடம்பு அந்தத் தரையத்தான் சந்தேகப்படுது. நானும் ஒருநாளும் அத வச்சு ஜோக்கு அடிச்சதில்ல. மத்ததுக்கெல்லாம் அடிச்சிருக்கேன். மீனாச்சி கோயில் வாசல்ல சோதன போடுற மெசின மேல வைக்க வேணாம், நெஞ்சுல பெட்டி இருக்குன்னு அட்டையக் காட்டுனா, அந்தப் பொம்பளப் போலீசு முன்னயும் பின்னயும் திருப்பிப் பாத்துட்டு, ஏ.டி.எம். உள்ள இல்லம்மா, மேலக்கோபுரத் தெருவுல இருக்குன்னுச்சு. அத நான் ஒம்பது கல்யாண வீட்டுல மைக்குல சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கேன். டிக்கு. மறுபடி டிக்கு. மூச்ச இழுத்து விடுங்க, விட்டுட்டு அப்பிடியே நிறுத்துங்கங்குறாங்க. நிறுத்திட்டேன். இப்ப உள்ள அது மட்டும் ஓடுது, நான் நின்னுட்டேன், அது நிக்கல, என்னமோ வாடகைக்கு இருக்குறவன் மாதிரி நான், அதுதான் வீட்டுக்காரன் மாதிரி.

சத்தத்தப் போட்டுட்டாங்க. ரத்தம் ஓடுற சத்தம் ஸ்பீக்கர்ல வரும், வ்வுஷ், வ்வுஷ், ஈரத்துணியத் தொவைக்கிற மாதிரி. நான் பொழைக்கிறதே மைக்செட்டுல, கல்யாணம், காதுகுத்து, சடங்கு, பெட்டிய எறக்கிக் கட்டி ஒயரு மாட்டி, அப்பறம் மைக்கையும் நானே புடிச்சு, மாப்ள சிரிக்கிறதா இருந்தா இப்பவே சிரிச்சுக்கங்க, தாலி கட்டுனப்பறம் அனுமதி வாங்கணும்னு ஒரே அலப்பறையா இருக்கும். அதனால எந்தச் சத்தம்னாலும் காது தானாப் பிரிச்சுப் பாக்கும். போன தடவ இதக் கேட்டுட்டு, அக்கா பேஸு தூக்கலா இருக்கு, ட்ரெபிளு கொஞ்சம் ஏத்துங்கன்னேன். இன்னிக்கு வ்வுஷ்ஷுக்குப் பின்னாடி ஒரு சின்ன ரம்பம் கேக்குது. கேக்குதா. போன தடவையும் இருந்துச்சா, இல்ல இன்னிக்குத்தான் நான் அதத் தேடுறனா. சவுண்டு செக்குல இப்பிடித்தான், ஒரு எடத்துல இரையுதுன்னு ஒருத்தன் சொல்லிட்டா போதும், அப்பறம் எல்லாக் காதுலயும் இரையும். ராத்திரி வேலை முடிஞ்சு வந்து படுத்தா எனக்கு நெஞ்சு தடதடன்னு அடிக்கும், அது பேஸ் பெட்டிக்குப் பக்கத்துல அஞ்சாறு மணி நேரம் நின்னதாலன்னு வச்சிருந்தேன். பெட்டி அதுறப்ப சட்ட அதுரும், விலா அதுரும், வயித்துல இருக்குற பிரியாணி அதுரும், அப்ப இருதயம் மட்டும் சும்மாவா இருக்கும். சரிதான. போன மாசம் சமுதாயக் கூடத்துல மாடிக்குப் பெட்டி ஏத்துறப்ப ஒரு தடவ கண்ணு கட்டுச்சு, படியிலயே உக்காந்துட்டேன். காலையில சாப்புடல, அதான். சாப்புடலையா, நாலு பரோட்டா சாப்ட்டேன். அப்ப பரோட்டாதான், சூடு, வெயிலு, வாய்வு.

வாய்வு. எங்க வம்சத்துல யாருக்கும் இருதயமே கெடையாது, எல்லாருக்கும் வாய்வுதான். பெரியப்பாவுக்கு வாய்வு, சித்தப்பாவுக்கு வாய்வு, எங்கப்பாவுக்கு ஊரறிஞ்ச வாய்வு. தண்ணி லாரி ஓட்டுச்சு எங்கப்பா. திருமங்கலத்துல எங்க தெருவுக்கு லாரி வந்தா நான்தான் ஹீரோ, எங்கப்பன் வந்துட்டான், எல்லாரும் கொடத்த எடுங்கன்னு மைக்கு இல்லாமயே அனவுன்ஸ் பண்ணுவேன். அப்பப்ப எங்கப்பா நெஞ்ச அடைக்குதுன்னு சொல்லும், அம்மா ஓமத்தண்ணி குடுக்கும், கோலி சோடாவ ஒடச்சு ஒரே மூச்சா ஊத்திக்கும், ஏவ்வ்வுனு ஒரு ஏப்பம், தெருக்கோடி வரைக்கும் கேக்கும், பாத்தியா, போயிருச்சுங்கும். ஏப்பம் வந்துட்டா வாய்வு, ஏப்பம் வரலன்னா பெரிய வாய்வு, எங்க ஊரு வைத்தியசாலையில ரெண்டே பிரிவுதான். கடைசி நாளு லாரிய நிறுத்திட்டு எறங்குச்சு, ஹோஸ இழுத்து மாட்டுச்சு, சோடா வாங்கியான்னு கிளீனர்கிட்டச் சொல்லிட்டு டயர்ல சாஞ்சு உக்காந்துச்சு. கிளீனரு சோடாவோட வர்றப்ப தண்ணி மட்டும் ஓடிக்கிட்டு இருந்துருக்கு. வாய்வு மேல ஏறிருச்சுன்னு எழவு வீட்டுல எல்லாரும் சொன்னாய்ங்க. அதுக்குப் பல வருசத்துக்கு அப்பறம், ஸ்கூல் பிரேயர்ல ரேணு மயங்கி விழுந்தா. மொதல்ல சாப்புடாம வந்துருக்கான்னாய்ங்க, அப்பறம் கண்ணேறு, அப்பறம் கருப்பு அடிச்சிருக்குன்னு விபூதி போட்டாய்ங்க, இங்க வந்து இதே மாதிரி ஒரு கட்டில்ல படுக்க வச்சுப் படம் எடுத்ததுக்கு அப்பறந்தான் எங்கப்பா எதுல செத்தாருன்னே எங்களுக்குத் தெரிஞ்சது. செத்தவருக்கு வியாதி கண்டுபுடிச்ச குடும்பம் நாங்க. ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாரு, எங்கப்பா ஒருநாளும் பயந்ததில்ல. மாடிப்படியப் பாத்து எண்ணுனதில்ல. உப்பு போட்ட ஊறுகாய மோந்து பாத்துட்டு வச்சதில்ல. சாகுற அன்னிக்கும் மத்தியானம் கறிச்சோறு, சாயங்காலம் சாவு, நடுவுல ஒரு சோடா. தெரியாமயே போயிருச்சு. ரேணுவுக்குத் தெரியும், அதனால இருக்கா, இருக்குறதுக்காகத் தெனம் பயப்படுறா. எது நல்ல யாவாரம். நீ ஒரு பக்கம் சொல்லு, நான் ஒரு பக்கம் சொல்றேன்னு பட்டிமன்றமே நடத்தலாம். நடுவரு மட்டும் இந்தக் கட்டில்ல படுத்திருக்கக் கூடாது.

இப்ப மூச்ச உள்ள இழுத்து அடக்கிக்கிட்டு முக்குங்க தம்பின்னாங்க ரெஜினாக்கா. என்னதுக்கா. முக்குங்க, காலையில பாத்ரூம்ல வராட்டி முக்குவீங்கல்ல, அந்த மாதிரி. இந்த ஒரு வாக்கியத்துக்கு நான் பத்து ஜோக்கு சொல்லியிருக்கணும், நாக்கு நுனியில வந்து நிக்குது, இங்கயேவா, கட்டிலு தாங்குமா, ஆனா ஒண்ணும் வெளிய வரல, முக்குனேன். விடாதீங்க, விடாதீங்க, இன்னும், இன்னும். சத்தம் மாறுது. அந்த ரம்பம் கூர்மையாகுது. டாக்டரு குனிஞ்சு விரலால ஸ்க்ரீன்ல ஒரு எடத்தத் தொட்டாங்க, இங்க, இன்னொரு தடவ எடுங்கன்னாங்க. போன தடவ என்னைய முக்கச் சொல்லல. அது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, சொல்லியிருந்தா அந்தக் கதைய ஊரு பூராச் சொல்லியிருப்பேன். முக்கச் சொன்னது ரேணுவ. அவ வெளிய வந்து வெக்கத்துல எங்கிட்டச் சொன்னா, டேய், நெஞ்சப் பாக்குறேன்னு கூப்புட்டு முக்கச் சொல்றாய்ங்கடான்னு. சுவரு தடிச்சவங்களுக்கு முக்குனா உள்ள வழி அடைக்குதான்னு பாப்பாங்களாம். அது அந்தப் பக்கத்துக்காரங்களுக்கு எடுக்குற படம். நான் இந்தப் பக்கம். நான் பொம்ம. இன்னொரு தடவ முக்குங்க தம்பி. எல்லாருக்கும்தான் எடுப்பாங்களோ, புதுசா ரூலு மாத்தியிருப்பாங்களோ, ஒப்பிட்டுப் பாக்கணும்னா ரெண்டு பக்கமும் முக்குனாத்தான ஒப்பிட முடியும், ஒருத்தர் மட்டும் முக்குனா என்ன ஆராய்ச்சி அது. ஆமா, அதான். அதான்னு சொல்லிக்கிட்டே இருக்கேன், ஆனா கால் வெரலு சுருண்டுக்கிட்டு நிக்குது. ரேணு வெளிய பெஞ்சுல உக்காந்திருக்கா. தெளிவா விழாததுக்கு நீ எதுக்கு லீவு போட்டு வர்ற, நானே போயிட்டு வர்றேன்னேன், கேக்கல. நீ டாக்டர்ட்ட கோக்குமாக்காப் பேசுவ, நான் வர்றேன்னா. பெஞ்சுல உக்காந்து குழந்தைக நோட்டத் திருத்திக்கிட்டு இருப்பா. அம்மா வீட்டுல சொல்லிவிட்டுச்சு, அது பாட்டுக்குச் சொல்லும், எனக்கு ஒண்ணு இப்பிடி ஆச்சு, இவனாச்சும் நல்லா இருக்கானே, அது போதும். இவனாச்சும். படிப்ப விட்டேன், இவனாச்சும் நல்லா இருக்கான். பைக்க வுட்டு மண்டைய ஒடச்சேன், இவனாச்சும். கேஸ் சிலிண்டரத் தூக்குறது இவனாச்சும், தண்ணி கேன் தூக்குறது இவனாச்சும், ஊர்ல நான் பண்ற அத்தன சேட்டைக்கும் அம்மா கண்ண மூடிக்கிறதுக்குக் காரணம் அந்த ஒண்ணுதான், நான் எங்க வீட்டுல மிஞ்சுன நல்ல இருதயம். அதையும் கொண்டுபோயி டாக்டரு மேசையில வச்சுட்டு, இந்தாங்க, இதுவும் போச்சுன்னு சொல்லுவனா. கேக்காட்டா இல்ல. கேக்காட்டா நான் இன்னும் இந்தப் பக்கந்தான். சட்டையப் போட்டுக்கிட்டு, நன்றி அக்கா, நன்றி மேடம், வரட்டுமா, படம் நல்லா விழுந்துச்சா, ஹிட்டான்னு ஒரு ஜோக்கு, வெளிய போயிட்டா முடிஞ்சுது. நாளைக்கு வாடிப்பட்டியில சடங்கு, பெட்டி ஆறு, மாடி. ஆறு பெட்டி. ஒரு பெட்டிக்குக் கண்ணு கட்டுச்சு. அது பரோட்டா. பரோட்டாதான். பரோட்டா இல்லன்னா.

முடிஞ்சுதுன்னாங்க ரெஜினாக்கா. லைட்டு வந்துச்சு. போன தடவ பேப்பர் சுருள எங்கையில தூக்கிப்போட்டு, தொடச்சுக்கங்க ராசா, எனக்கு அடுத்த ஆளு நிக்குதுன்னாங்க. இப்ப அவங்களே பேப்பரக் கிழிச்சு, ஜெல்ல மெதுவாத் தொடைக்கிறாங்க, விலா எலும்பு, நெஞ்சுக்குழி, காம்புக்கிட்ட, புள்ளைக்குக் குளிப்பாட்டித் தொவட்டுற மாதிரி, ஒரு துளி பாக்கி இல்லாம. சட்டைய எடுத்து நீட்டுறாங்க. அக்கா வேணாம், எனக்கு இது புடிக்கல, தூக்கிப்போடுங்க, திட்டுங்க, அடுத்த ஆளு நிக்குதுன்னு சொல்லுங்க. சொல்ல மாட்டேங்குறாங்க. அனுசுயா டாக்டரு பேனா மூடியத் தொறந்து மூடித் தொறந்து, சரி பாண்டி, வந்ததுக்கு ரொம்ப நன்றின்னாங்க. அவங்க மூஞ்சி ஒரு வாசப்படி மாதிரி இருந்துச்சு, உள்ள வர்றதா போறதா நீயே முடிவு பண்ணுன்னு. சட்டைப் பட்டன் போட வரல. ஒரு பட்டன மேல மாத்திப் போட்டுட்டு, கழட்டிட்டுத் திரும்பப் போட்டேன். மேடம்ன்னேன். சொல்லுங்கன்னாங்க. நீங்கதான் மேடம் சொல்லணும்ன்னேன். பேனா நின்னுருச்சு. அன்னிக்கு வேண்டாம்னீங்களே பாண்டின்னாங்க. அன்னிக்கு நான் நல்லா இருந்தேன் மேடம்ன்னேன். ஜோக்கு மாதிரித்தான் வந்துச்சு, எனக்கு எது சொன்னாலும் அப்பிடித்தான் வரும், ரெஜினாக்கா சட்டுனு திரும்பி மெசினத் தொடைக்க ஆரம்பிச்சுட்டாங்க. டாக்டரு ஸ்டூல இழுத்துப் போட்டு என் முழங்காலுக்கு நேரா உக்காந்தாங்க. நடுச்சுவரு தடிச்சிருக்கு, ஒண்ணு புள்ளி ஆறு சென்டிமீட்டர். அக்கா அளவுக்கு இல்ல. முக்குறப்பக் கொஞ்சம் வழி அடைக்குது. ஒருநாள் முழுக்க ஒரு சின்ன மெசின மாட்டிப் பாக்கணும், எம்.ஆர்.ஐ. எடுக்கணும், அதுக்கு அப்பறந்தான் பெட்டி வேணுமா வேணாமான்னு பேசவே முடியும், வேணாமலே போகலாம். இது இருந்துக்கிட்டே பேரன் பேத்தி எடுத்தவங்க என்கிட்ட நெறையப் பேர் வர்றாங்க. ஆனா அதுவரைக்கும் பாரம் தூக்கக் கூடாது, மூச்சு வாங்க ஓடக் கூடாது. நான் தலைய ஆட்டுனேன். கேட்டுச்சு, எல்லாம் கேட்டுச்சு, ஆனா பந்தலுக்கு அந்தப் பக்கம் கட்டுன கொழா ஸ்பீக்கர்லருந்து வர்ற மாதிரி, கொஞ்சம் லேட்டா. அப்ப என்னைய அந்தப் பக்கத்துலருந்து எடுத்துருவீங்களான்னேன். மாத்துவோம்னாங்க. கட்சி தாவிட்டேனா மேடம்ன்னேன். அவங்க கண்ணு கலங்குன மாதிரி இருந்துச்சு, சிரிச்சாங்களான்னு எனக்குத் தெரியல.

வெளிய வந்தா ரேணு சிவப்புப் பேனாவ மூடிட்டு எந்திரிச்சா. என்னடா இம்புட்டு நேரம், தெளிவா விழுந்துச்சான்னா. விழுந்துச்சுன்னேன். டாக்டர்ட்ட ஏதும் வாயக் குடுக்கலையேன்னா. இல்லன்னேன். அவ்ளோதான். சொல்லலாம், இப்பச் சொல்லலாம், அந்தத் தூணு தாண்டுனதும் சொல்லலாம், மருந்துக்கடை தாண்டுனதும், கேட்டு தாண்டுனதும். அவ பாட்டுக்குப் பேசிக்கிட்டு வர்றா, ஒரு புள்ள யானைக்கு ஆறு காலு வரைஞ்சிருக்காம், ஏன்டின்னா, ரெண்டு ஸ்பேர் மிஸ்ஸுன்னுச்சாம், உன் சாதிடா அதுங்குறா. நான் அவ நடக்குறதப் பாக்குறேன். எத்தனையோ தடவ இவகூட நடந்திருக்கேன், எரிச்சல்பட்டிருக்கேன், ஆம வேகம்னு திட்டியிருக்கேன், இவ எப்பிடிக் காலு வைக்கிறான்னு பாத்ததில்ல. ஒண்ணொண்ணா, தரைகிட்டக் கேட்டுட்டு வைக்கிற மாதிரி. ஸ்டாப்புல வெயிலு. திருமங்கலம் பஸ்ஸு வழக்கம்போல ஸ்டாப்பத் தாண்டிப்போயி அங்கிட்டு நிறுத்துனான், கூட்டம் பூரா செருப்புச் சத்தத்தோட ஓடுது. எப்பவும் நான்தான் ஓடுவேன், ஜன்னல் வழியா கர்சீப்பப் போட்டு சீட்டப் புடிச்சுட்டு, எங்கக்கா வருது, எடுத்துறாதீங்கண்ணேன்னு படியில தொங்கிக்கிட்டு நிப்பேன், இவ பையப் பைய வந்து ஏறுவா. டேய் ஓடுடா, சீட்டு போயிரும்னா. காலு ஒரு எட்டு எடுத்து வச்சுச்சு. நின்னுட்டேன். ஓடேண்டான்னா. நான் பஸ்ஸையே பாத்துக்கிட்டு நிக்கிறேன். கண்டக்டரு விசிலடிச்சான், பஸ்ஸு நகந்துச்சு, போயிருச்சு. திரும்பிப் பாத்தா, அவ என் மூஞ்சியப் பாக்கல, என் காலப் பாக்குறா, அப்பிடி நிக்கிறது அவளுக்குத் தெரியும், அவ பல வருசமா அப்பிடித்தான் நிக்கிறா. புகை அடங்குனப்பறம் கேட்டா, எம்புட்டுடான்னு. நடுச்சுவரு எம்புட்டுன்னு கேக்குறா. ஒண்ணு புள்ளி ஆறுன்னேன். எம்பின்னங்கழுத்துல கைய வச்சா. எனக்கு ரெண்டு புள்ளி நாலுடா, இதுலயும் நீ ஃபெயிலுதான்னா. நான் சிரிச்சேன், மூக்கு ஒழுகுது, சிரிச்சேன். அம்மாகிட்ட எப்பிடிக்கா சொல்றதுன்னேன். அடுத்த பஸ்ஸு வந்து, அதுவும் தாண்டிப்போயி நின்னுச்சு. ரெண்டு பேரும் ஓடாம நடந்தோம், கூட்டம் எங்கள இடிச்சுத் தள்ளிட்டு முன்னாடி போகுது. படியில காலு வைக்கிறப்ப ரேணு சொன்னா, நான் சொல்றேன், நீ சொன்னா அது நம்பாது.